மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்: ஒரு குடும்பத்தின் இருபது வருடத் திருத்த வேலை

யாழ்ப்பாணத்தில் ‘பழைய கார்’ என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் நினைப்பார்கள்: ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர். பிரித்தானியாவில் இவை ஆடம்பரக் கார்கள் அல்ல. ஆசிரியரும் கடைக்காரரும் வாங்கி ஓடியவை. இங்கே 1950களில் கார் என்பதே ஆடம்பரம். டொக்டர், புறக்டர், சுருட்டு முதலாளி, மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’ ஆகியோரின் வீட்டு வாசலில்தான் கார் நின்றது.

எனது அப்பப்பா அந்தக் கடைசி வகை. 1953இல் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 சோமசெற் ஒன்றை அவர் 1956இல் இரண்டாம் கையாக வாங்கினார். அந்தக் காரை மீண்டும் ஓட வைக்கும் வேலையை எங்கள் குடும்பம் 2003இல் தொடங்கியது. இன்னும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று எழுத உட்கார்ந்தால், காரைவிடக் கூடுதலாக இந்த மண்ணின் கதையைத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் இந்தக் கார்கள் ஏன் இங்கு வந்தன என்பதைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. ஏற்றுமதி செய்யும் கம்பனிகளுக்கே உருக்கு ஒதுக்குவதில் அரசு முன்னுரிமை கொடுத்தது. பேர்மிங்ஹாமின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1947இல் வெளிவந்த ஏ40 டெவனும், 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட சோமசெற்றும் இப்படித்தான் இலங்கை உட்பட உலகெங்கும் கப்பலேறின. டெவன், டோசெற், சோமசெற் எல்லாம் இங்கிலாந்து மாவட்டங்களின் பெயர்கள். ஊரில் அந்தப் பெயர்கள் எவருக்கும் தேவைப்படவில்லை. ‘ஏ போர்ட்டி’ என்றால் போதும்.

1970களில் வெளிநாட்டு நாணயத் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கப்பட்டது. புதிய கார் வாங்க வழியில்லாதபோது இருந்த காரைத் திருத்தும் கைகள் வளர்ந்தன. அப்பப்பாவின் கார் அந்தக் காலத்தில்தான் வீட்டுக் காரிலிருந்து வாடகைக் காராக மாறியது. பெரியப்பா ஓட்டினார். கல்யாண வீடு, செத்த வீடு, நல்லூர்த் திருவிழா, பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி என்று ஒரு கிராமத்தின் முக்கியமான பயணங்களில் பாதி அந்தப் பின் சீற்றில் நடந்திருக்கும்.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. மின்சாரம் போனது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சமாக, யானை விலைக்கு வந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் மண்ணெண்ணெயில் கார் எப்படி ஓடியது என்பது, அதில் ஏறிப் போனவர்கள் பலருக்கே தெரியாது. அதைச் சற்று விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பெற்றோல் எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அமுக்கி, பிளக் பொறி தட்டி எரிக்கிறது. மண்ணெண்ணெயில் இரண்டு சிக்கல்கள். குளிரில் அது ஆவியாகாது. அதனால் எஞ்சின் ஸ்ராட் ஆகாது. அழுத்தம் கூடினால் அது முறையாக எரியாமல் முந்தி வெடிக்கும், எஞ்சின் ‘தட்டும்’. 1980களில் வந்த ஜப்பான் கார்களின் எஞ்சின்கள் கூடிய அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. அவை மண்ணெண்ணெயில் கடுமையாகத் தட்டின. ஏ40இன் 1,200 சி.சி. எஞ்சினிலோ அழுத்தம் ஏறக்குறைய 7க்கு 1தான். அதற்கும் காரணம் இன்னொரு போர். உலகப் போர்க் காலத்திலிருந்து 1953 தொடக்கம் வரை பிரித்தானியாவில் கம்பனிப் பெயரில்லாத, தரம் குறைந்த ‘பூல்’ பெற்றோல் ஒன்றே விற்கப்பட்டது. அந்த மட்டமான எண்ணெயில் ஓடவேண்டும் என்று கணக்கிட்டுச் செய்த எஞ்சின்தான் நாற்பது வருடங்களின் பின் எங்கள் மண்ணெண்ணெயையும் தாங்கியது.

ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் பெற்றோல் வேண்டும். சிறிய போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சில துளிகள் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவார்கள். பற்றரி பலவீனமாக இருந்தால் முன்பக்கத் துவாரத்தில் ஹாண்டிலைச் செருகிச் சுற்றுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் காரில் இதற்கென ஒரு மெக்கானிக் பொனற்றின் கீழ் சின்னத் தகரத் தாங்கியும் இருவழிப் பித்தளைக் குழாய்த் திறப்பும் பொருத்தியிருந்தார். மண்ணெண்ணெய் போகும் செப்புக் குழாயைப் புகை வெளியேறும் குழாயில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார். அந்தச் சூட்டில் எண்ணெய் ஆவியாகும் பக்குவத்துக்கு வரும். பிரித்தானியாவில் அக்காலத்து மண்ணெண்ணெய் உழவு இயந்திரங்கள் வேலை செய்ததும் இதே தத்துவத்தில்தான். அவர் அதை எந்தப் புத்தகத்திலும் படித்தவரல்ல.

விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயில் நீர்த்தால் பெயரிங் தேயும். வால்வுகளில் கரி படியும். மாற்ற ஒயிலும் இல்லை. வடித்து, அடைய விட்டு, திரும்பவும் ஊற்றினார்கள். ஒரு குண்டுவீச்சுக்குப் பிறகு காயக்காரரை ஏற்றிக்கொண்டு போகும்போது பெற்றோல் போத்தல் முடிந்துவிடும் என்ற பயத்தில் பெரியப்பா ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை நிறுத்துவதே இல்லையாம்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்த இரவைப் பற்றி இந்தப் பக்கங்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் கார் அந்தச் சனத்துக்குள் நடை வேகத்தில் போய் மீசாலையில் ஒரு உறவினர் வளவில் நின்றது. மண்ணெண்ணெய் அத்தோடு தீர்ந்தது. அடுத்த வருடம் குடும்பம் திரும்பி வந்தது. கார் வரவில்லை. 2000இல் தென்மராட்சி மறுபடி போர்க்களமானபோது வளவுக்காரரும் ஓடிவிட்டார்கள். யுத்த நிறுத்தத்தின் பின் போய்ப் பார்த்தபோது கார் நின்ற இடத்தில் நின்றது. கூரை மேல் தென்னை வட்டு ஒன்று விழுந்து கிடந்தது. இடப்பக்கப் பின்கதவில் ஏழு ஓட்டைகள். பின் சீற்றின் சுருள்கம்பிகளுக்குள் கோழி அடைகாத்திருந்தது.

2003இல் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே சோமசெற்றுக்கு ஒரு வசதி உண்டு. அதன் உடல் தனி, அடிச்சட்டகம் தனி. உடல் உக்கினாலும் சட்டகம் நின்றால் காரை மீட்கலாம். மொறிஸ் மைனரில் உடலும் சட்டகமும் ஒன்று; அடித்தகடு உக்கினால் காரின் பலமே போய்விடும். எங்கள் சட்டகம் நல்ல நிலையில் இருந்தது. எஞ்சின் இறுகிப் பிடித்திருந்தது. பிளக் துவாரங்களால் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி, மாதக் கணக்கில் ஊறவிட்டு, ஹாண்டிலால் அரைச் சுற்று, கால் சுற்று என்று இளக்கினார்கள்.

2006 ஓகஸ்ரில் ஏ9 பாதை மூடப்பட்டது. கொழும்பிலிருந்து வரவேண்டிய பிறேக் ரப்பர்களும் நின்றன. கழற்றி வைத்த பாகங்கள் பிஸ்கற் தகரங்களில் அடுக்கியபடி இருந்தன. வேலை மீண்டும் தொடங்கியது 2010இல்.

உதிரிப்பாகம் தேடுவது தனிக் கல்வி. கேம்பிறிட்ஜ் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்: இந்தியாவின் அம்பாசடரிலும் நெடுங்காலம் இருந்தது அதே குடும்பத்து 1,489 சி.சி. எஞ்சின். அதனால் சென்னையில் தேடலாம். ஏ40காரருக்கு அந்த வழி இல்லை. பிரித்தானியாவில் இந்த மாவட்டப் பெயர்க் கார்களுக்கென்றே ‘ஒஸ்ரின் கவுன்ரீஸ் கார் கிளப்’ இருக்கிறது. லண்டனிலுள்ள மாமி ஊருக்கு வரும்போதெல்லாம் அவரது பெட்டியில் சொக்கலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஒரு பிறேக் ஹோஸோ கதவு ரப்பரோ வரும். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: இந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களுக்கு நேரெதிர். இது தெரியாமல் மின்வேலை செய்த கராச்களில் டைனமோ எரிந்த கதைகளைப் பல இடங்களில் கேட்டேன்.

ஆனால் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினை பாகங்களால் வரவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான்தான் செலவில் பெரும்பகுதியைக் கொடுக்கிறார். காரை 1953இல் தொழிற்சாலையை விட்டு வந்ததுபோல ஆக்கவேண்டும் என்பது அவரது ஆசை. அதன்படி மண்ணெண்ணெய்த் தாங்கியும் செப்புச் சுருளும் போகவேண்டும். கதவின் ஓட்டைகளை அடைக்கவேண்டும். பெரியப்பா மறுத்துவிட்டார். ஓட்டைகளை அடைக்கலாம், மழைத் தண்ணீர் போகும் என்றார். தாங்கியைக் கழற்ற விடமாட்டேன் என்றார். மச்சானுக்கும் நியாயம் உண்டு. அவர் 1989இல் போனவர். அவருக்குத் தெரிந்த கார், ஞாயிறுகளில் கீரிமலைக்குப் போன கார். மண்ணெண்ணெய்க் காரை அவர் கண்டதே இல்லை.

உலகெங்கும் பழைய கார் மீட்பவர்களிடையே இந்த வாதம் உண்டு: தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவதா, வாழ்ந்த அடையாளங்களோடு பாதுகாப்பதா? நான் பெரியப்பாவின் பக்கம். சோமசெற் உலகத்தில் இன்னும் இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அந்தப் பித்தளைத் திறப்பு பொருத்திய சோமசெற் இங்கே மட்டும்தான் கிடைக்கும். நான் போய்ப் பார்த்த கராச்களில் இப்படியான தாங்கிகளையும் திறப்புகளையும் வீசியாயிற்று, பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றுதான் சொன்னார்கள். தடைக்காலத்தில் அவற்றைச் செய்தவர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள். எங்கள் காருக்குச் செய்தவர் இப்போது இல்லை. போர் முடிந்தபின் தெற்கிலிருந்து வந்து பழைய கார் வாங்கியவர்கள் காரைக் கொண்டுபோனார்கள். இந்தப் பொருட்களுக்கு விலை கேட்கவில்லை.

அடுத்தது இலக்கத்தகடு. எங்கள் காரின் இலக்கம் இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்குகிறது. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளிலிருந்து எடுத்துச் சேர்த்த பழைய முறை அது. அதற்குப் பதிலாக வந்ததுதான் சிங்கள ‘ஸ்ரீ’. அந்த எழுத்தோடு அரச பஸ்கள் 1958இல் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. சிங்கள ‘ஸ்ரீ’ தாரால் அழிக்கப்பட்டுத் தமிழில் எழுதப்பட்டது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதம் இனக் கலவரம். எங்கள் கார் அந்த எழுத்துக்கு முந்தியது என்பதை அப்பப்பா பெருமையாகச் சொல்வாராம். மச்சானும் பெரியப்பாவும் சண்டையின்றி ஒத்துக்கொண்ட ஒரே பாகம் அந்தத் தகடு. புதிதாக எழுதவில்லை, துடைத்து மட்டும் வைத்திருக்கிறார்கள்.

தகடு இருக்கிறது, புத்தகம் இல்லை. பதிவுப் புத்தகம் 1995 இடப்பெயர்வில் போன பெட்டியோடு போய்விட்டது. பதிவு இன்னமும் அப்பப்பாவின் பெயரில். அவர் 1988இல் காலமானார். பிள்ளைகள் ஐவரில் இருவர் இறந்துவிட்டார்கள், மூவர் மூன்று நாடுகளில். உரித்தை மாற்ற எல்லோருடைய சம்மதமும் சத்தியக்கடதாசிகளும் வேண்டும். காணி உறுதி தொலைத்த எவருக்கும் பழக்கமான அலைச்சல்தான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பழைய வாகனங்களுக்கு விலை ஏறியபோது, ஆவணம் இல்லாத எங்கள் காரை உதிரிப்பாக விலைக்குக் கேட்டு இருவர் வந்தார்கள்.

2022இல் எஞ்சின் முதல் தடவையாக ஒழுங்காக ஓடியது. அந்த வருடம் பெற்றோல் இல்லை. கியூஆர் முறை வந்தபோது வாகனப் பதிவைக் காட்டினால்தான் எரிபொருள். பெரியப்பா பழைய திறப்பைத் திருப்பிப் பார்க்கலாம் என்று யோசித்தார். ஓகஸ்ரில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. அந்த யோசனையும் நின்றது.

இப்போது பிறேக் வேலை முடிந்துவிட்டது. கதவின் ஏழு ஓட்டைகளில் ஆறு அடைக்கப்பட்டுவிட்டன. கைப்பிடிக்குக் கீழே இருக்கும் ஏழாவதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். “அது சின்னன் பிள்ளை, தண்ணி போகாது” என்றார் பெரியப்பா. அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு சத்தியக்கடதாசி வரவேண்டியிருக்கிறது. அது வரும்வரை கார் கேற்றுக்கு உள்ளேதான்; பற்றரி இறங்காமலிருக்க வெள்ளிக்கிழமைகளில் கால் மணித்தியாலம் ஓடவிடுகிறார்.