குருத்தெலும்புச் சிதைவில் சைட்டோகைன்கள்

சைட்டோகைன்கள் என்பவை உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறு புரதங்கள் ஆகும். மூட்டு அழற்சியில் இவற்றுள் சில அளவுக்கு மீறிச் சுரந்து, எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு சிதையக் காரணமாகின்றன. இன்டர்லியூக்கின்-1, டி.என்.எஃப்.-ஆல்ஃபா ஆகியவை இவற்றுள் முதன்மையானவை.

வழிமுறை

குருத்தெலும்பில் இரத்தக்குழாய்களோ நரம்புகளோ இல்லை. இரண்டாம் வகைக் கொலாசன் இழைகளும், நீரைப் பிடித்து வைக்கும் அக்ரிகான் என்னும் பெருமூலக்கூறும் இதன் கட்டமைப்பு ஆகும். இவற்றை உருவாக்கிப் பராமரிப்பவை குருத்தெலும்பு உயிரணுக்கள். சைட்டோகைன் இவ்வுயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியுடன் இணையும்போது, உள்ளே என்.எஃப்.-காப்பா-பி முதலிய சமிக்ஞைப் பாதைகள் தூண்டப்படுகின்றன. அதன்பின் உயிரணு அக்ரிகான் ஆக்கத்தைக் குறைத்து, சிதைக்கும் நொதிகளைச் சுரக்கத் தொடங்குகிறது. முதலில் அக்ரிகான் வெட்டுண்டு வெளியேறுகிறது. இவ்விழப்பு ஓரளவு ஈடுசெய்யத்தக்கது. கொலாசன் வலை அறுந்தபின் மீட்சி ஏறத்தாழ இல்லை.

கண்டுபிடிப்பு

ஆனர் ஃபெல், ஜப் ஆகியோர் 1977 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை எனலாம். மூட்டுறைத் திசுவைக் குருத்தெலும்பில் படாமல் தள்ளி வைத்து வளர்த்தபோதும் குருத்தெலும்பு சிதைந்தது. ஆனால் உயிரற்ற குருத்தெலும்பு அவ்வாறு சிதையவில்லை. அதாவது, மூட்டுறை அனுப்பியது செய்தியை மட்டுமே. அழித்தது குருத்தெலும்பின் சொந்த உயிரணுக்கள். அச்செய்திப் பொருளுக்குக் 'கேட்டபாலின்' எனப் பெயரிடப்பட்டது. அது இன்டர்லியூக்கின்-1 தான் என்பது 1980களின் நடுவில் தெளிவாயிற்று. டி.என்.எஃப். உம் இவ்வாறே செயற்படுவதைச் செரமி சக்லத்வாலா 1986 இல் காட்டினார்.

சிக்குன்குனியாவும் மூட்டுகளும்

இந்தியாவில் 2005 இல் மீண்டும் தோன்றிய சிக்குன்குனியா, 2006 இல் சுமார் 13.9 இலட்சம் பேரைப் பாதித்ததாகக் கணக்கிடப்பட்டது. அவ்வாண்டு தமிழகத்தின் தென்மாவட்டங்களிலும் இந்நோய் பரவியது. காய்ச்சல் சில நாட்களில் தணிந்தாலும் விரல், மணிக்கட்டு, கணுக்கால் மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். மேலப்பாளையம், முக்கூடல் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களுக்கும், தாமிரபரணிப் பாசன வயல்களில் நாற்று நடுவோருக்கும் விரல் மடங்காவிட்டால் அன்றைய கூலி இல்லை.

நீடித்த வலியுடையோரின் இரத்தத்தில் இன்டர்லியூக்கின்-6 மிகுந்திருப்பது பிற நாட்டு ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. எனினும் பெரும்பாலோருக்கு மூட்டு அரிப்பு ஏற்படுவதில்லை; முடக்குவாதத்தைப் போன்ற சிதைவு சிலரிடமே காணப்படுகிறது.

மருத்துவம்

லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992 இல் இலண்டனில் முடக்குவாத நோயாளிகளுக்கு டி.என்.எஃப். எதிர்ப்பு மருந்தை முதன்முதலாக அளித்தனர். இதற்காக 2003 இல் இலாசுக்கர் விருது பெற்றனர். முதுமையில் வரும் மூட்டுத் தேய்வில் இத்தகைய மருந்துகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அங்கு எடைச்சுமை, பழைய காயம் போன்றவையும் சேர்ந்து செயற்படுகின்றன.