படித்தவருக்கும் பெஞ்சு கிடைக்கவில்லை

கொடைக்கானலுக்கு வந்தவர்கள் வட்டக்கானலையும் பார்த்திருப்பீர்கள். தேநீர்க் கடைப் பலகையில்கூட எபிரேய எழுத்து இருக்கும். கட்டாய ராணுவச் சேவையை முடித்துவிட்டு, கல்லூரியில் சேருமுன் சில மாதம் ஊர் சுற்றும் இஸ்ரேலிய இளைஞர்கள் பல வருடங்களாக அங்கே தங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள். கூடி ஜெபித்து, சேர்ந்து சாப்பிடுவார்கள். 2016 இல் கண்ணூரில் பிடிபட்ட ஒரு கும்பல் இவர்களைத் தாக்கவும் திட்டமிட்டதாகத் தேசியப் புலனாய்வு முகமை சொன்னபோதுதான் பலருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரிந்தது.

இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "நம்ம பக்கம் யூதர்கள் படித்திருக்கிறார்களா சார்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. படித்திருக்கிறார்கள். நான் சொல்லும் பெயர் ஏ.பி. சேலம். ஆபிரகாம் பராக் சேலம். (நம்ம சேலத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.)

1882 இல் கொச்சியில் பிறந்தவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு, பி.ஏ. முடிக்கச் சென்னைக்கு வந்தார். சட்டமும் இங்கேதான் படித்தார். கொச்சி யூதர்களில் முதல் வழக்கறிஞர் அவர்தான். யூத மாணவர்களுக்கென்று இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் இயங்கும் ஹில்லெல் அமைப்பு, அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1923 இல்தான் தொடங்கியது. சேலம் படித்த காலத்தில் அது கிடையாது. யூத முறைப்படி கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும். வெளியூரில் தனியாகப் படிக்க வந்த பையனுக்குப் பத்துப் பேர் எங்கே கிடைப்பார்கள்!

ஆனால் பத்துப் பேர் இருந்த சொந்த ஊரிலும் அவருக்கு இடமில்லை. அதுதான் விஷயம்.

கொச்சி யூதர்களுக்குள் மூன்று பிரிவு இருந்தது. பழைய மலபார் யூதர்கள், பிற்காலத்தில் வந்து குடியேறிய பரதேசி யூதர்கள், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் எனப்பட்ட மெஷுக்ராரிம். சேலம் கடைசிப் பிரிவு. 1568 இல் கட்டிய மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் அவர்கள் பெஞ்சில் உட்காரக் கூடாது. வேதச்சுருள் வாசிக்க அழைக்கப்பட மாட்டார்கள். 1925 இல் கொச்சி சட்டசபையில் உறுப்பினராக உட்கார்ந்த மனிதருக்கு, ஆண்டவன் வீட்டில் பெஞ்சு கிடையாது! எந்தச் சட்டப் புத்தகத்தில் இதற்கு விடை இருக்கிறது?

அப்போது பக்கத்தில்தான், 1924-25 இல், வைக்கம் போராட்டம் நடந்தது. நம் பெரியார் சிறை சென்ற போராட்டம். இந்த நியாயமெல்லாம் நமக்கொன்றும் புதிதில்லை என்பது மதுரைப் பக்கம் பிறந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். மீனாட்சியம்மன் கோயில் வாசல் எல்லோருக்கும் திறக்க 1939 ஆகிவிட்டது.

சேலம் காங்கிரஸ்காரர். பூரண சுதந்திரம் கேட்ட 1929 லாகூர் மாநாட்டுக்குப் போனவர். முதலில் ஆலயத்துக்குப் போவதையே நிறுத்திப் பார்த்தார். பிறகு உள்ளிருந்தே சத்தியாக்கிரகம். 'யூத காந்தி' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 1930களின் நடுவில் பல கட்டுப்பாடுகள் தளர்ந்தன. கலியாணம் மட்டும் கடைசிவரை இழுத்தது. 1950 இல் அவருடைய மகன் பால்ஃபர் ஒரு பரதேசி யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். இரு பிரிவுக்கும் இடையே நடந்த முதல் திருமணம் அது.

இஸ்ரேல் உருவானபின் கொச்சி யூதர்கள் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் போய்ச் சேர வழி செய்யப் பேசியவர்களில் சேலமும் ஒருவர். அவர் மட்டும் போகவில்லை. 1967 இல் கொச்சியிலேயே காலமானார். மட்டாஞ்சேரியில் யூதத் தெருப் பக்கம் ஏ.பி. சேலம் சாலை என்றே ஒரு பலகை இருக்கிறது. கொச்சி போனால் பாருங்கள்.