ரூபாய்க்கு ஆறு தம்பிடி: வாசிப்புரிமை சட்டமான வரலாறு

சென்னை மாகாணத்தில் 1928ஆம் ஆண்டு வாசிப்புரிமைக்காக இருவேறு குரல்கள் எழுந்தன. பர்மா அரசின் தடையைப் பின்பற்றிச் சென்னை அரசு பாரதியின் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. அக்டோபரில் எஸ். சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் அதனைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தார். அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னை நூலகச் சங்கம் மற்றொரு தடையைச் சுட்டியது. அரசு தடுக்காத நூலும், விலைகொடுத்து வாங்க இயலாதவருக்குத் தடைசெய்யப்பட்ட நூலே. அரசு நூலைப் பறிக்கலாகாது என்றது முதற்குரல். அரசே நூலைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்றது இரண்டாவது.

இரண்டாம் குரலுக்குச் சட்ட வடிவம் தேடியவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். 1930இல் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் அவர் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். மறு ஆண்டு வெளியான அவருடைய ஐந்து நூலக விதிகளுள் இரண்டாவது, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதாகும். 1933இல் பஷீர் அகமது சையது சட்டமன்றத்தில் கொண்டுவந்த நூலக மசோதா நிறைவேறவில்லை. விடுதலைக்குப் பின்னர், தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் உருப்பெற்றது.

அச்சட்டத்தின் உயிர்நாடி அதன் நிதி ஏற்பாடாகும். சொத்துவரி அல்லது வீட்டுவரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி, அதாவது அரையணா, நூலக வரியாக விதிக்கப்பட்டது. சென்னை நகர் நீங்கலாக, மாவட்டங்களில் வசூலான தொகைக்கு இணையான தொகையை அரசும் வழங்க வேண்டும். அதுவரை புரவலர்களின் கொடையை நம்பியிருந்த பொது வாசிப்புக்கு இவ்வாறு நிலையான வருவாய் கிடைத்தது.

சித்தூர் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆதலால் குப்பம், குடுபல்லி வட்டாரமும் இச்சட்டத்தின் எல்லைக்குள் அடங்கியது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. அவ்வாண்டு இயற்றப்பட்ட ஆந்திரப் பிரதேசப் பொது நூலகச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 1914 முதல் அமைப்பாக இயங்கிவந்த நூலக இயக்கத்தைக் கொண்ட தெலுங்கு நாட்டுக்கு இக்கருத்து புதியதன்று. நூலக வரியும் தொடர்ந்தது.

எனினும், தெலுங்கும் தமிழும் கன்னடமும் வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் அரங்கநாதனின் இரண்டாம் விதி கூடுதல் பொருள் பெறுகிறது. வாசகருக்குரிய நூல் என்பது அவர் மொழியிலுள்ள நூலுமாகும். சட்டம் வரி வசூலிக்கையில் வீட்டாரின் மொழியைக் கேட்பதில்லை. நூல் வாங்குகையில் அதனைக் கேட்டே ஆக வேண்டும். தடை நீக்கம், நிதி, மொழி ஆகிய மூன்றும் கூடும்போதுதான் வாசிப்புரிமை முழுமை பெறும். முதலிரண்டுக்கும் சட்டமன்றத்தில் குரல் எழுந்தது. மூன்றாவதற்கும் எழ வேண்டிய இடம் அதுவே.