வலிப்புக் குளிசை கையிருப்பில் இல்லையா?

தலையில் செல் துண்டு பட்டு, அதன்பின் வலிப்பு வருபவர்கள் கார்பமசெபின், சோடியம் வல்புரோயேற் போன்ற குளிசைகளைத் திடீரென நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிராபத்து ஏற்படலாம்.

வைத்தியசாலையில் மருந்து இல்லையென வெளியில் வாங்கத் துண்டு தந்தால், பஸ் ஏறுமுன் மருந்தகங்களுக்குத் தொலைபேசியில் கேளுங்கள். மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம் அளவு, சாதாரண குளிசையா மெதுவாகக் கரையும் குளிசையா ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். தனியார் மருந்தகங்களில் இல்லாவிட்டால், அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் ஒசுசலவில் விசாரியுங்கள். கம்பனி மாறினால், பொதுப்பெயரும் அளவும் ஒன்றா என மருந்தாளரிடம் உறுதிசெய்யுங்கள். வேறு மருந்துக்கு மாறுவதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

ஒரு கிழமைக்கான குளிசை மிஞ்சியிருக்கும்போதே தேடத் தொடங்குங்கள். எங்கும் கிடைக்காவிட்டால், கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் கொப்பியுடன் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.