'மாடர்ன் வார்ஃபேர் 2' போர் விளையாட்டு: விளையாடியவர்கள் சொன்னதும், பெற்றோர் அறிய வேண்டியதும்

இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் நம் பகுதியில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். திண்ணையிலோ கடை வாசல் பெஞ்சிலோ நான்கைந்து பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லோர் கையிலும் செல்போன் இருக்கும், காதில் இயர்போன். "பின்னாடி வர்றான் பாரு", "கவர் கொடு", "மருந்து போடுடா" என்று அவர்களுக்குள் பேச்சு ஓடும். கோட்டைப்பட்டினம், மீமிசல், அறந்தாங்கி, புதுக்கோட்டை என்று ஊர் மாறினாலும் காட்சி மாறுவதில்லை.

இதைப் பற்றி வீடுகளில் இரண்டு கருத்துகள் உண்டு. "இந்தக் கருமத்தைத் தூக்கிப் போடு" என்பது ஒன்று. "வெறும் விளையாட்டுதானே, விடுங்க" என்பது இன்னொன்று. அந்த விளையாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு தரப்பும் பெரும்பாலும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் விளையாடுபவர்கள்தான். அவர்கள் என்ன சொல்கிறார்கள், சொன்னதால் எது மாறியது, எது மாறவில்லை என்பதை, உலகம் முழுவதும் அதிகம் பேசப்பட்ட ஒரு போர் விளையாட்டின் இரண்டாம் பாகத்தை வைத்து இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எந்த விளையாட்டு?

'கால் ஆஃப் டூட்டி' என்பது 2003ல் தொடங்கிய துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வரிசை. ஆரம்பத்தில் இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்டிருந்தது. 2007ல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர்' அதை இன்றைய காலப் போருக்கு மாற்றியது. அதன் இரண்டாம் பாகமான 'மாடர்ன் வார்ஃபேர் 2' 2009 நவம்பர் 10 அன்று வெளியானது. இன்ஃபினிட்டி வார்டு என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்டது. முதல் நாளில் மட்டும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சுமார் 47 லட்சம் பிரதிகள் விற்றன.

2022 அக்டோபரில் இதே பெயரில் இன்னொரு விளையாட்டு வந்தது. அதில் எண் ரோமன் எழுத்தில் இருக்கும். இரண்டும் வேறு வேறு. பிள்ளைகளிடம் பேசும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் ஊர்களில் இந்த ரகத்தை முதலில் பழக்கியது 'ஐ.ஜி.ஐ.' என்று சொல்லலாம். 2000களில் பிரவுசிங் சென்டருக்குப் போனவர்களுக்கு அந்தப் பெயரும், 2003ல் வந்த அதன் இரண்டாம் பாகமும் நினைவிருக்கும். முதல் பாகத்தில் ஒரு மிஷனின் நடுவில் சேவ் செய்ய முடியாது. செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பலரும் நொந்துகொண்ட அந்தக் குறை இரண்டாம் பாகத்தில் ஓரளவு சரிசெய்யப்பட்டது. பலர் சேர்ந்து ஆடும் வசதியும் வந்தது. அன்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இன்று பிள்ளைகளுக்கு அத்தா ஆகிவிட்டார்கள்.

விளையாடியவர்கள் பாராட்டியவை

மாடர்ன் வார்ஃபேர் 2ஐப் புகழ்ந்தவர்கள் முதலில் சொல்வது அதன் வேகம். பலர் சேர்ந்து ஆடும் ஒரு ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சாகாமல் தொடர்ந்து எதிரிகளை வீழ்த்தினால் ஹெலிகாப்டர், விமானத் தாக்குதல் என்று பரிசுகள் கிடைத்துக்கொண்டே இருக்கும். விளையாட விளையாடப் புதுத் துப்பாக்கிகள் திறக்கும். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று எழ விடாமல் உட்கார வைப்பது இந்த அமைப்புதான். இன்று செல்போனில் ஆடும் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்றவற்றிலும் பரிசும் படிநிலையும் இப்படித்தான் இழுக்கின்றன.

அடுத்தது கதை. கேப்டன் பிரைஸ், சோப், முகமூடி அணிந்த கோஸ்ட் ஆகிய பாத்திரங்கள் விளையாடியவர்கள் மனதில் நின்றுவிட்டன. நம்பிய தளபதியே துரோகம் செய்யும் திருப்பத்தைப் பலர் இன்றும் பேசுகிறார்கள். இருவர் சேர்ந்து ஆடும் 'ஸ்பெஷல் ஆப்ஸ்' பகுதியும் நல்ல பெயர் வாங்கியது.

புறக்கணிப்பு அறிவித்தும் மாறாத விஷயம்

பெரிய எதிர்ப்பு விளையாட்டு வெளியாகும் முன்பே வந்தது. அதுவரை கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் தனி சர்வர்களை வாடகைக்கு எடுத்து, தங்கள் விதிப்படி ஆடிவந்தார்கள். இரண்டாம் பாகத்தில் அந்த வசதி இல்லை என்று 2009 அக்டோபரில் நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பதிலாக ஆடுபவர்களில் ஒருவருடைய கம்ப்யூட்டரே சர்வராக இருக்கும். அவருடைய இணையம் மந்தமானால் எல்லோருக்கும் ஆட்டம் திணறும். அவர் பாதியில் வெளியேறினால், வேறொருவருடைய கம்ப்யூட்டர் சர்வராக மாறும் வரை ஆட்டம் நிற்கும். நெட் வேகம் சீராக இல்லாத ஊர்களில் இது எவ்வளவு தொல்லை என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையவழி மனுவில் கையெழுத்திட்டனர். புறக்கணிப்புக் குழுக்களும் தொடங்கப்பட்டன. ஆனால் வெளியீட்டு நாளில் அப்படி ஒரு குழுவின் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டார்கள். உறுப்பினர்களில் பலர் அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. நிறுவனம் தன் முடிவை மாற்றவில்லை. வாங்க மாட்டோம் என்று சொன்னவர்களே வாங்கிய பிறகு அவர்கள் சொன்ன குறைக்கு மதிப்பில்லாமல் போனது.

விமான நிலையக் காட்சி

இந்த விளையாட்டில் மிக அதிகம் விவாதிக்கப்பட்டது 'நோ ரஷ்யன்' என்ற பகுதி. ரகசிய உளவாளியாக ஒரு பயங்கரவாதக் கும்பலில் சேர்ந்திருப்பவராக நாம் ஆட வேண்டும். அந்தக் கும்பல் ரஷ்ய விமான நிலையம் ஒன்றில் அப்பாவிப் பயணிகளைச் சுட்டுக் கொல்கிறது. நாமும் உடன் நடக்க வேண்டும். சுடாமலும் கடக்கலாம். இந்தப் பகுதியைத் தவிர்க்கும் வசதியும் தரப்பட்டிருந்தது.

பயங்கரவாதத்தின் கொடூரத்தை உணர வைக்கிறது என்று சிலர் ஆதரித்தார்கள். அதிர்ச்சி கொடுத்து விற்பதற்காகவே வைத்தது என்று மற்றவர்கள் கண்டித்தார்கள். பிரிட்டன் நாடாளுமன்றத்திலும் பேசப்பட்டது. ரஷ்யாவில் வெளியான பதிப்பில் இந்தப் பகுதி நீக்கப்பட்டது. ஜப்பான், ஜெர்மனி பதிப்புகளில் பொதுமக்களைச் சுட்டால் ஆட்டம் தோல்வியாகிவிடும். ஒரே விளையாட்டை நாட்டுக்கு நாடு மாற்றித் தர நிறுவனங்களால் முடியும் என்பதற்கு இது சான்று.

ஒரு குளியலறைச் சுவரும் நபிமொழியும்

நம்மவர்கள் அதிகம் அறியாத, ஆனால் அறிய வேண்டிய நிகழ்வு 2012ல் நடந்தது. விளையாட்டில் 'ஃபவேலா' என்று ஒரு மேப் உண்டு. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ குடிசைப் பகுதியை மாதிரியாகக் கொண்டது. அங்கே ஒரு வீட்டின் குளியலறையில் சட்டமிட்ட படம் மாட்டப்பட்டிருக்கும். அதில் அழகான அரபி எழுத்துகள் இருந்தன. படம் வரைந்தவர்கள் அதை வெறும் அலங்காரமாக நினைத்திருக்கலாம். ஆனால் அது அல்லாஹ் அழகை விரும்புவதைப் பற்றிய நபிமொழி.

லட்சக்கணக்கானோர் ஓடி ஓடிச் சுட்ட அந்த அறையில், அரபி படிக்கத் தெரிந்த சில முஸ்லிம் விளையாட்டாளர்கள் நின்று பார்த்தார்கள். எந்த மேப், எந்த அறை, எந்தச் சுவர் என்று காட்டி, கழிப்பிடத்தில் இந்த எழுத்து இருப்பது ஏன் எங்களைப் புண்படுத்துகிறது என்று விளக்கினார்கள். 2012 அக்டோபரில் ஆக்டிவிஷன் அந்த மேப்பையே விளையாட்டிலிருந்து எடுத்தது. படத்தை மாற்றிய பிறகுதான் திரும்பக் கொண்டுவந்தது. விளையாட்டு வெளியாகி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆன பிறகு நடந்த மாற்றம் இது.

இதன் பிறகும் இப்படி நடந்தது. 2020 ஜூனில் பப்ஜி மொபைலில், சிலை போன்ற தூண்களின் முன் பாத்திரம் பணிந்து சக்தி பெறும் காட்சி வந்தது. அரபு நாடுகளின் விளையாட்டாளர்கள் எதிர்த்ததும் நீக்கப்பட்டது. 2021 நவம்பரில் 'கால் ஆஃப் டூட்டி: வேன்கார்ட்' விளையாட்டில் குர்ஆன் பக்கங்கள் தரையில் கிடப்பதாகக் காட்டப்பட்டிருந்தது. முஸ்லிம்கள் சுட்டிக்காட்டியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அகற்றியது.

மாறாதது எது?

சுவரில் இருந்த படத்தை மாற்றுவது எளிது. துப்பாக்கியின் எதிரே யாரை நிறுத்துகிறார்கள் என்பது அவ்வளவு எளிதில் மாறவில்லை.

அதே இரண்டாம் பாகத்தில் 'கராச்சி' என்றும் ஒரு மேப் உண்டு. கராச்சியில் எங்கும் காண்பது உருது. ஆனால் மேப்பில் கடைப் பலகைகள் அரபியில் இருந்தன. அறந்தாங்கிக் கடைவீதியைக் காட்டுகிறோம் என்று பலகைகளை மலையாளத்தில் எழுதி வைத்தது போல. உருவாக்கியவர்களுக்கு கராச்சியும் பாக்தாதும் ஒன்றுதான் என்று விளையாடியவர்கள் கேலி செய்தார்கள்.

2019ல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர்' இன்னும் மேலே போனது. 1991 வளைகுடாப் போரில், குவைத்திலிருந்து பாஸ்ரா செல்லும் சாலையில் பின்வாங்கிக்கொண்டிருந்த ஈராக்கிய வாகனங்கள் மீது அமெரிக்கத் தலைமையிலான படைகள் குண்டு பொழிந்தன. அந்தச் சாலைக்கு 'மரண நெடுஞ்சாலை' என்றே பெயர் வந்தது. இந்த விளையாட்டு அதே பெயரை எடுத்து, கற்பனை நாடு ஒன்றில் ரஷ்யப் படைகள் செய்ததாகக் கதை அமைத்தது. வரலாற்றைத் திருப்பிப் போடுகிறார்கள் என்று உலகெங்கும் விளையாட்டாளர்களே எழுதினார்கள். 2022 பதிப்பின் தொடக்கத்தில் ஈரானியத் தளபதி ஒருவர் ஏவுகணையால் கொல்லப்படுகிறார். 2020 ஜனவரியில் காசிம் சுலைமானி கொல்லப்பட்டது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. அந்த விளையாட்டு 10 நாட்களில் 100 கோடி டாலர் ஈட்டியது.

2004ல் ஈராக்கின் ஃபலூஜா நகரில் நடந்த சண்டையை வைத்து 'சிக்ஸ் டேஸ் இன் ஃபலூஜா' என்ற விளையாட்டு 2009ல் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பால் அப்போதைய வெளியீட்டாளர் கொனாமி விலகியது. 2021ல் திரும்ப அறிவிக்கப்பட்டபோது அமெரிக்க முஸ்லிம் அமைப்பான கேர், விளையாட்டு விற்கும் நிறுவனங்கள் அதை ஏற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. ஆனாலும் 2023 ஜூனில் விற்பனைக்கு வந்துவிட்டது.

வேறு மாதிரியும் முடியும் என்பதற்கு 'ஆர்மா 3' உதாரணம். செக் நாட்டு நிறுவனமான போஹேமியா இன்டராக்டிவ், சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தோடு பேசி 2017ல் 'லாஸ் ஆஃப் வார்' என்ற கூடுதல் பகுதியை வெளியிட்டது. அதில் கண்ணிவெடி அகற்றும் நிவாரணப் பணியாளராக ஆட வேண்டும். போரில் பொதுமக்களுக்கு என்ன நேர்கிறது என்பதைக் காட்டும் பகுதி இது. முதல் ஆண்டு நிகர வருமானத்தில் பாதி, சுமார் 1,76,000 டாலர், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வழங்கப்பட்டது.

இதே ஆர்மா 3 காட்சிகள்தான் உண்மையான போர் வீடியோ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. 2023 அக்டோபரில், காஸாவில் ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டதாகப் பரவிய ஒரு வீடியோ இந்த விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று உண்மை சரிபார்ப்பாளர்கள் கண்டறிந்தனர். இப்படி ஒரு வீடியோ குடும்ப குரூப்புக்கு வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் வீட்டில் விளையாடும் பையனிடம் காட்டுங்கள். பெரியவர்கள் ஏமாறும் இடத்தில் அவன் கண் பல நேரம் சரியாகச் சொல்லிவிடும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

1. வயது வரம்பு: மாடர்ன் வார்ஃபேர் 2க்கு ஐரோப்பிய தரக் குறியீடு 18 வயது, அமெரிக்கக் குறியீடு 17 வயது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது ஏற்றதல்ல என்று தயாரித்தவர்களே அட்டையில் போட்டிருக்கிறார்கள்.

2. நேரம்: பிஜிஎம்ஐயில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேர வரம்பு உண்டு. கணக்குத் தொடங்கும்போது வயதைக் கூட்டிச் சொல்லிவிட்டால் அது வேலை செய்யாது. கணக்கை ஒருமுறை திறந்து பாருங்கள்.

3. பணம்: துப்பாக்கிக்கும் உடைக்கும் புதுத் தோற்றம் வாங்கப் பணம் கேட்கும். அத்தா வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் அம்மாவின் செல்போனில் யுபிஐ வழியாகக் கையாளப்படும் வீடுகளில், ரகசிய எண் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

4. சட்டம்: 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. சாதாரணத் துப்பாக்கி விளையாட்டுகள் அந்தத் தடையில் வராது. அதனால் அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது.

5. புகார்: மார்க்கத்தையோ மக்களையோ இழிவுபடுத்தும் காட்சி தென்பட்டால், இடத்தைக் குறிப்பிட்டு, ஸ்கிரீன்ஷாட்டுடன், கண்ணியமான மொழியில் விளையாட்டின் உதவிப் பகுதியில் புகார் செய்யச் சொல்லிக் கொடுங்கள். ஃபவேலா மேப்பை மாற்ற வைத்தது அப்படித் தெளிவாகச் சுட்டிக் காட்டியதுதான்.

6. பேச்சு: ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ காலில் கேட்கலாம். "எத்தனை பேரைச் சுட்ட?" என்று கேட்பதைவிட, "எதிரே நிக்கிறது யாரு? அவங்க எந்த நாட்டுக்காரங்க? ஏன் அவங்கள எதிரியா காட்டுறாங்க?" என்று கேளுங்கள். முதல் நாள் "தெரியலத்தா" என்றுதான் பதில் வரும். அதற்காகக் கேட்பதை நிறுத்த வேண்டாம். அடுத்த முறை துப்பாக்கியைத் தூக்கும்போது அவன் எதிரே நிற்பவனைக் கொஞ்சம் பார்ப்பான்.