இன்டெல் நிறுவனத்தின் அமைப்பு முறை: ஒரு வரலாறு

இன்டெல், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாண்டா கிளாராவைத் தலைமையிடமாகக் கொண்ட குறைக்கடத்தி நிறுவனம். ராபர்ட் நாய்ஸும் கோர்டன் மூரும் 1968 ஜூலை 18 அன்று இதைத் தொடங்கினர். சில்லை வடிவமைப்பது, அதைச் செய்யும் முறையை உருவாக்குவது, சொந்தத் தொழிற்சாலையில் செய்து விற்பது என எல்லாவற்றையும் தானே நடத்தியது இதன் தனித்தன்மை. நுண்செயலித் துறையில் மற்றவர்கள் பெரும்பாலும் இந்த வழியை விட்டு விலகிவிட்டனர். என்விடியாவும் குவால்காமும் வடிவமைப்போடு நிறுத்திக்கொள்கின்றன. தைவானின் டி.எஸ்.எம்.சி. பிறர் வடிவமைத்ததைச் செய்து கொடுக்கிறது. இன்டெலின் பிரிவுகள் பலமுறை கலைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அடியில் இருந்த கேள்வி ஒன்றுதான்: வடிவமைப்பவரும் செய்பவரும் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்?

தொடக்கம்

நாய்ஸ், மூர் இருவரும் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரிலிருந்து வந்தவர்கள். அங்கே இரண்டு விஷயங்கள் அவர்களை வாட்டின. தாய் நிறுவனம் கிழக்குக் கடற்கரையில் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஈட்டிய லாபம் அங்கே போயிற்று, முடிவுகளும் அங்கிருந்தே வந்தன. இன்னொன்று தூரத்தில் சிறியது, விளைவில் பெரியது. மூர் நடத்திய ஆய்வுக்கூடம் பாலோ ஆல்டோவில் இருந்தது, தொழிற்சாலையோ பக்கத்து ஊரான மவுண்டன் வியூவில். ஆய்வுக்கூடத்தில் நன்றாக வந்த செய்முறை தொழிற்சாலைக்குப் போனதும் படியாது. குறை செய்முறையிலா, செய்தவர்களிடமா என்று இரு பக்கமும் வாதாடிக்கொண்டிருக்கும்.

அதனால் இன்டெலில் தனி ஆய்வுக்கூடமே வேண்டாம் என்று மூர் முடிவு செய்தார். விற்பனைக்கான சில்லுகள் ஓடும் அதே உற்பத்தி வரிசையில்தான் புதிய செய்முறையும் உருவாக வேண்டும். இதனால் உற்பத்தி கொஞ்சம் கெடும், ஆய்வும் கொஞ்சம் சுணங்கும். ஆனால் கண்டதை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது ஏற்படும் இழப்பு இருக்காது. இன்டெலின் அமைப்பு வரலாற்றில் இதைவிட ஆழமாக வேர்விட்ட முடிவு வேறில்லை.

முதலீட்டாளர் ஆர்தர் ராக் 25 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்து, இயக்குநர் குழுவின் முதல் தலைவரானார். நாய்ஸ் வெளியுலகத்துக்கு முகம், மூர் தொழில்நுட்பத்துக்கு மூளை. அன்றாட வேலையைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு ஆண்டி குரோவிடம் வந்தது. ஹங்கேரியிலிருந்து அகதியாக அமெரிக்கா வந்த வேதிப் பொறியாளர் அவர். 1979இல் நிறுவனத் தலைவர், 1987இல் தலைமைச் செயல் அதிகாரி என உயர்ந்தார். இன்டெலின் அமைப்பு என்று இன்றைக்கும் மேலாண்மை வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் அவர் வகுத்ததே.

குரோவின் காலம்

குரோவ் தலைமைப் பொறுப்பில் இருந்தபோதும் அவருக்குத் தனி அறை இல்லை. மற்றவர்களைப் போலவே எட்டுக்கு ஒன்பது அடித் தடுப்புக்குள் உட்கார்ந்தார். மேலதிகாரிகளுக்கென்று ஒதுக்கிய வாகன நிறுத்தமோ தனிச் சாப்பாட்டு அறையோ கிடையாது. இதைப் பெருந்தன்மை என்று மட்டும் பார்ப்பது சரியல்ல. சில்லுத் தொழிலில் விவரம் தெரிந்தவர் பெரும்பாலும் இளம் பொறியாளர். முடிவெடுக்கும் அதிகாரம் மூத்தவரிடம். இந்த இருவரும் கூச்சமில்லாமல் ஒரே மேசையில் மோதிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். பதவியைப் பார்க்காமல் கருத்தை எதிர்த்துப் பேசுவதை நிறுவனம் பயிற்சி வகுப்பு வைத்தே கற்றுக்கொடுத்தது. கண்டிப்புக்கும் குறைவில்லை. வேலை நேரம் காலை எட்டு மணி. எட்டு ஐந்துக்கு மேல் வந்தவர் யாராக இருந்தாலும் வாசலில் இருந்த பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

1983இல் வெளியான தம் மேலாண்மை நூலில் குரோவ் ஒரு முடிவை முன்வைத்தார். பெரிய நிறுவனம் எதுவானாலும் இறுதியில் கலப்பு அமைப்பாகத்தான் நிற்கும் என்றார் அவர். சந்தையைப் பார்த்து வேலை செய்யும் வணிகப் பிரிவுகள் ஒரு பக்கம். உற்பத்தி, நிதி, ஆளெடுப்பு, விற்பனை போன்ற பொதுத்துறைகள் மறுபக்கம். இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருப்பவருக்கு இரண்டு மேலாளர்கள் இருப்பார்கள். அவர் தரும் உதாரணம் எளிமையானது. ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி அந்தத் தொழிற்சாலையின் மேலாளருக்கும் பதில் சொல்ல வேண்டும், நிறுவனம் முழுவதற்குமான பாதுகாப்புத் தலைவருக்கும் பதில் சொல்ல வேண்டும். குழப்பம் வரத்தான் செய்யும், ஆனால் வேறு வழி இல்லை என்று ஒளிக்காமல் எழுதினார்.

இந்த வலையைப் பிடித்து நிறுத்தியது குறிக்கோள் முறை. ஒவ்வொருவரும் காலாண்டுக்குச் சில குறிக்கோள்களையும், அவை நிறைவேறியதை அளக்கும் விளைவுகளையும் எழுதிவைத்தார்கள். 1970களில் இன்டெலில் இதைக் கற்ற ஜான் டோயர் 1999இல் கூகுளுக்கு எடுத்துச் சென்றார். உலகெங்கும் மென்பொருள் நிறுவனங்களில் இன்று நடக்கும் காலாண்டுக் குறிக்கோள் சடங்குக்கு மூலம் இதுவே.

ஒரு பதவியில் இருவரை அமர்த்துவதும் இன்டெலின் வழக்கமாக இருந்தது. ஒருவர் வெளியே வாடிக்கையாளரைப் பார்ப்பார், மற்றவர் உள்ளே வேலையைப் பார்ப்பார். ஒருவருடைய குறையை மற்றவர் ஈடுகட்டுவார் என்பது எதிர்பார்ப்பு.

நினைவகத்திலிருந்து வெளியேறியது

அமைப்பு முறைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு 1980களின் நடுவில் நடந்ததே சான்று. இன்டெல் முதலில் நினைவகச் சில்லு நிறுவனம். 1970இல் வந்த 1103 என்ற சில்லுதான் அதை நிலைநிறுத்தியது. 1971இல் வெளியான 4004 நுண்செயலி அன்றைக்குப் பக்கத் தொழில். பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் தரத்திலும் விலையிலும் நினைவகச் சந்தையை வளைத்துவிட்டன. ஆனாலும் மேல்மட்டத்தில் யாருக்கும் நினைவகத்தைக் கைவிட மனம் வரவில்லை. பிறந்த வீடு அது.

கீழ்மட்டத்தில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. தொழிற்சாலையின் வேஃபர்களை, அதாவது சில்லுகள் உருவாக்கப்படும் சிலிக்கான் வட்டுகளை, எந்தச் சில்லுக்கு எத்தனை ஒதுக்குவது என்பதை உற்பத்தித் திட்டமிடுவோரும் நிதித்துறையினரும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அதற்கென்று ஒரு விதி இருந்தது: ஒரு வேஃபருக்கு எதில் லாபம் அதிகமோ அதற்கே முன்னுரிமை. இந்தக் கணக்குப்படி ஒவ்வொரு முறையும் நினைவகத்துக்குக் குறைவாகவும் நுண்செயலிக்கு அதிகமாகவும் வேஃபர்கள் போயின. யாரும் உத்தரவிடவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. 1985இல் குரோவ் மூரிடம், நம்மை நீக்கிவிட்டுப் புதிய தலைவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். நினைவகத்தை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே அதைச் செய்யலாமே என்று குரோவ் சொன்ன அந்த உரையாடல் மேலாண்மை இலக்கியத்தில் புகழ்பெற்றது. ஆனால் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ராபர்ட் பர்கெல்மன் பின்னாளில் ஆராய்ந்து காட்டியபடி, அதற்குள் பெரும்பகுதி உற்பத்தி நுண்செயலிக்கு மாறியிருந்தது. தலைவர்கள் அறிவித்ததை நடுமட்ட மேலாளர்கள் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்கள். நல்ல விதி ஒன்று, நல்ல தலைவரைவிட முன்னால் பார்த்துவிட்டது.

தொழிற்சாலையின் ஆதிக்கம்

அடுத்த இருபது ஆண்டுகள் உற்பத்திக்காரர்களின் காலம். கிரேக் பாரெட் கொண்டுவந்த ‘அப்படியே நகலெடு’ முறை இன்டெலின் அடையாளமானது. ஓரிகன் மாநிலத்து ஹில்ஸ்பரோவில் ஒரு செய்முறை முழுமை பெற்றதும், அரிசோனா, நியூ மெக்சிகோ, அயர்லாந்து, இஸ்ரேல் தொழிற்சாலைகள் அதைக் கருவிகளை இணைக்கும் குழாயின் நீளம்வரை மாற்றமின்றிப் படியெடுத்தன. உள்ளூர்ப் பொறியாளர் தம் யோசனையைத் தாமாகப் புகுத்தக் கூடாது. மாற்றம் தேவையென்றால் எல்லாத் தொழிற்சாலையிலும் சேர்ந்தே மாற்ற வேண்டும். பாரெட் 1998இல் தலைமைச் செயல் அதிகாரியானார். செய்முறை ஆய்வும் உற்பத்தியும் சேர்ந்த தொழில்நுட்ப உற்பத்திப் பிரிவு நிறுவனத்துக்குள் ஒரு தனி அரசைப் போல வளர்ந்தது.

வடிவமைப்பில் நிலைமை நேர்மாறு. அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் போட்டியிட்டன. 1974இல் தொடங்கிய இஸ்ரேலின் ஹைஃபா மையம், மடிக்கணினிக்கென்று மின்சாரம் குறைவாகத் தின்னும் பென்டியம் எம் செயலியை 2003இல் தந்தது. தலைமைக் குழு பெரிதும் நம்பியிருந்த பென்டியம் 4 வெப்பத்தில் திணறியபோது, ஹைஃபாவின் வழியில் உருவான கோர் 2 செயலி 2006இல் நிறுவனத்தைக் காப்பாற்றியது. வடிவமைப்பில் மாற்றுக் குழு இருந்ததால் தப்பித்தார்கள். உற்பத்தியில் அப்படி ஒரு மாற்று இல்லை என்பதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொறியாளர் அல்லாத முதல் தலைமைச் செயல் அதிகாரி பால் ஒட்டெலினி. பொறுப்பேற்கும் முன்பே, 2005 ஜனவரியில், சில்லு வகையை வைத்துப் பிரிந்திருந்த நிறுவனத்தைச் சந்தையை வைத்துப் பிரிக்கும் அறிவிப்பு வந்தது. மடிக்கணினி–கைச்சாதனம், அலுவலகம், வீடு, மருத்துவம், சிறு விற்பனையாளர் என ஐந்து பிரிவுகள். மறு ஆண்டே 10,500 வேலைகளைக் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கைபேசிச் செயலித் தொழில் மார்வெல் நிறுவனத்துக்கு 60 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2009இல் இந்தப் பிரிவுகள் மீண்டும் ஒரே கட்டமைப்புப் பிரிவாகச் சேர்க்கப்பட்டு, ஷான் மலோனி, டாடி பெர்ல்முட்டர் என்ற இருவரின் பொறுப்பில் விடப்பட்டன.

அதே 2009இல் போட்டியாளரான ஏ.எம்.டி. தன் தொழிற்சாலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்து அனுப்பிவிட்டது. கையில் காசில்லாமல் எடுத்த முடிவு அது. ஆனால் அதன்பின் எந்தத் தொழிற்சாலை சிறந்ததோ அதைத் தேடிப் போகும் சுதந்திரம் அந்நிறுவனத்துக்குப் படிப்படியாகக் கிடைத்தது.

10 நானோமீட்டரும் பிளவும்

மூர் விரும்பிய நெருக்கம் இன்டெலுக்குக் கேடாக முடிந்தது 10 நானோமீட்டர் செய்முறையில். அது சொன்ன காலத்தில் வரவில்லை. 2019இல்தான் பெருமளவு உற்பத்திக்கு வந்தது. வடிவமைப்பாளர்கள் புதிய செயலிகளை அந்தச் செய்முறையின் அளவுக்கே வெட்டித் தைத்திருந்ததால், அவற்றைப் பழைய வரிசையில் செய்யவும் முடியவில்லை, வெளியே கொடுக்கவும் முடியவில்லை. 2015இல் வந்த ஸ்கைலேக் வடிவமைப்பே பெயர் மாற்றி மாற்றி 2020 வரை மேசைக் கணினிகளில் விற்கப்பட்டது. பொறியாளர்களின் திறமை குறைந்துவிடவில்லை. ஒரு பிரிவு சறுக்கினால் எல்லாப் பிரிவும் சேர்ந்து நிற்கும்படி அமைப்பு கட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

2018 அக்டோபரில் தொழில்நுட்ப உற்பத்திப் பிரிவு மூன்றாக உடைக்கப்பட்டது: செய்முறை ஆய்வு, உற்பத்தி, கொள்முதல். 2020 ஜூலையில் 7 நானோமீட்டரும் தாமதமாகும் என்று அறிவித்த சில நாட்களில், தலைமைப் பொறியாளர் மூர்த்தி ரெண்டுசிந்தலா விலகுவதாகச் செய்தி வந்தது. அவர் கையிலிருந்த பெரும்பிரிவு ஐந்து குழுக்களாகி, ஒவ்வொன்றும் நேராகத் தலைமைச் செயல் அதிகாரியின் கீழ் வந்தது. செய்முறை ஆய்வு ஆன் கெல்லெஹரிடம் ஒப்படைக்கப்பட்டது.

2021இல் தலைமைச் செயல் அதிகாரியாகத் திரும்பி வந்த பாட் கெல்சிங்கர், குரோவின் காலத்தில் இன்டெலில் வளர்ந்தவர். தொழிற்சாலைகளை வெளி நிறுவனங்களுக்கும் திறந்துவிடுவதாக அந்த ஆண்டு மார்ச்சில் அறிவித்தார். அதைவிட முக்கியமான மாற்றம் கணக்குப் புத்தகத்தில் நடந்தது. 2024இன் முதல் காலாண்டிலிருந்து தொழிற்சாலைப் பிரிவு தனி லாப நட்டக் கணக்குடன், இன்டெலின் சொந்தச் சில்லுப் பிரிவுகளையே வாடிக்கையாளராக நடத்தத் தொடங்கியது.

ஏன் இது தேவைப்பட்டது என்பதை நிறுவனமே 2023இல் விளக்கியது. அதுவரை ஒரு சில்லுப் பிரிவுக்கு அவசரம் என்றால், தன் வேஃபர்களை வரிசையில் முன்னால் தள்ளிவிடச் சொல்லும். அதற்கெனத் தனிக் கட்டணம் இல்லை, கேட்பதில் தயக்கமும் இல்லை. ஒவ்வொரு முறையும் கருவிகள் காத்துக் கிடந்தன. தொழிற்சாலையின் உற்பத்தியில் 8 முதல் 10 சதவீதம் இப்படிக் கரைந்தது. சோதனை நேரமும் போட்டியாளர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. விலைச்சீட்டு ஒட்டாத எதையும் மனிதர்கள் தாராளமாகவே செலவழிக்கிறார்கள். 1980களில் வேஃபருக்கு லாபம் பார்த்து ஒதுக்கிய நிறுவனம், நாற்பது ஆண்டில் வேஃபரின் விலையையே மறந்துபோனது வருத்தத்துக்குரியது.

புதிய முறையில் கணக்கு எழுதியதும் உண்மை வெளியே வந்தது. தொழிற்சாலைப் பிரிவின் இயக்க நட்டம் 2023இல் மட்டும் 700 கோடி டாலர். கெல்சிங்கர் அந்தப் பிரிவைத் தனி இயக்குநர் குழு கொண்ட துணை நிறுவனமாக்கப்போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தார். டிசம்பர் முதல் தேதி பதவி விலகினார்.

2025

2025 மார்ச்சில் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற லிப்-பு டான் முதலில் கைவைத்தது மேலாளர் அடுக்குகளில். பல குழுக்களில் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட அடுக்குகள் இருப்பதாக ஊழியர்களுக்கு எழுதினார். அடுக்குகளை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டதாக ஜூலையில் நிறுவனம் சொன்னது. 2022 இறுதியில் 1,31,900 பேர் இருந்த நிறுவனம், துணை நிறுவனங்கள் நீங்கலாக, 2025 இறுதிக்குள் 75,000 பேர் என்ற இலக்கை வைத்தது. மேலாளரின் மதிப்பை அவர் கீழ் எத்தனை பேர் என்று அளந்த பழக்கத்தை டான் வெளிப்படையாகச் சாடினார். அவர் சொன்னது சரி. ஆனால் அடுக்கைக் குறைப்பதால் மட்டும் செய்முறை நேரத்துக்கு வந்துவிடாது.

தொழிற்சாலையைப் பிரிப்பதா வேண்டாமா என்பது இப்போது இன்டெலின் கையில் மட்டும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு 890 கோடி டாலருக்கு நிறுவனத்தின் 9.9 சதவீதப் பங்குகளை எடுத்துக்கொண்டது. கூடவே, மேலும் 5 சதவீதப் பங்குகளை பங்கு ஒன்று 20 டாலர் விலையில் வாங்கும் ஐந்தாண்டு உரிமையும் அரசுக்குக் கிடைத்தது. தொழிற்சாலைப் பிரிவில் இன்டெலின் பங்கு 51 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால்தான் அந்த உரிமை செல்லும்.