தீர்ப்புக்கும் தண்டனைக்கும் இடையில்

ஒரு குற்ற வழக்கில் சாட்சி விசாரணை மாதக்கணக்கில் நடக்கும். குறுக்கு விசாரணைக்கு வழக்கறிஞர்கள் இரவு கண்விழித்துத் தயாராவார்கள். கடைசியில், எதிரியின் மீதான குற்றச்சாட்டு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது என்று நீதிபதி அறிவிக்கிறார். பிறகு கூண்டில் நிற்பவரைப் பார்த்து, தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். "குடும்பத்துல நான் ஒருத்தன்தாங்க ஐயா, பார்த்துக் கொடுங்க" என்று ஏதோ பதில் வருகிறது. குறைந்தபட்ச தண்டனை கோருகிறோம் என்று வழக்கறிஞரும் ஒரு வரி சொல்லி அமர்கிறார். பெரும்பாலான வழக்குகளில் அத்தோடு முடிந்தது. அந்த மனிதர் வெளியே வருவது அடுத்த தீபாவளிக்கா, ஏழு தீபாவளி கழிந்தா என்பது இந்தச் சில நிமிடங்களில் தீர்மானமாகிவிடுகிறது.

சட்டம் நீதிபதிக்கு மிகப் பரந்த இடம் கொடுத்திருப்பதும் இங்கேதான். மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம் பெரும்பாலும் உச்சவரம்பை மட்டுமே சொன்னது. சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கீழ்வரம்பு கிடையாது. நீதிமன்றம் கலையும் வரை உட்கார்ந்திருப்பதும் அதற்குத் தண்டனையாகலாம். முழு 3 ஆண்டும் ஆகலாம். கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு 304ஆம் பிரிவின் முதல் பகுதியில் ஆயுள் சிறையோ 10 ஆண்டு வரையிலான சிறையோ விதிக்கலாம் என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு அதே குற்றத்துக்கு 5 ஆண்டு என்று அடிவரம்பு போட்டுவிட்டது.

இந்தக் குறுக்கம் புதிதல்ல. பாலியல் வல்லுறவுக்கு 1983இல் குறைந்தபட்சம் 7 ஆண்டு என்று நாடாளுமன்றம் நிர்ணயித்தது. தக்க, சிறப்பான காரணங்களை எழுதி அதற்கும் கீழே போகலாம் என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. அந்தக் கதவின் வழியே காரணமற்ற சலுகைகள் பல நுழைந்தன. 2013இல் கதவு மூடப்பட்டது. 2018இல் அடிவரம்பு 10 ஆண்டாக உயர்ந்தது. இந்தத் திருத்தங்களுக்குப் பின்னிருந்த கோபத்தின் நியாயத்தை மறுக்க முடியாது. ஆனாலும் கட்டாயத் தண்டனையின் எல்லை எது என்பதை 1983இலேயே உச்ச நீதிமன்றம் மித்து வழக்கில் காட்டிவிட்டது. ஆயுள் கைதி ஒருவர் கொலை செய்தால் மரண தண்டனை மட்டுமே என்றிருந்த 303ஆம் பிரிவை அது செல்லாது என்றது. சிறைக்குள் அவரைக் கொலை வரை தள்ளியது எது என்று பார்க்கவே நீதிபதிக்கு வழியில்லை என்றால், அந்தத் தண்டனையை அளந்து கொடுத்தது யார்?

தண்டனை பற்றித் தனியே கேட்க வேண்டும் என்பதை 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் 235(2)ஆம் பிரிவில் கொண்டுவந்தது. அதைச் சடங்காக நினைக்கக் கூடாது என்று 1976இல் சாந்தா சிங் வழக்கு சொன்னது. தண்டனை குறித்துக் கேட்காமலே விதிக்கப்பட்ட மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, கேட்டு முடிவு செய்யும்படி அமர்வு நீதிமன்றத்துக்கே அனுப்பியது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐவர் அமர்வு, குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்றது. அரிதினும் அரிதான வழக்கில்தான் தூக்கு என்றது. இத்தனைக்குப் பிறகும் அந்தக் "குற்றவாளி" பற்றிய தகவல் வழக்குக் கட்டில் இருப்பதில்லை. அவர் படிப்பு, பிழைப்பு, மனநிலை, சிறையில் நடந்துகொண்ட விதம் எதுவும் இருக்காது. 2022இல் மனோஜ் வழக்கில்தான், மரண தண்டனைக்கு இடமுள்ள வழக்குகளில் இந்த அறிக்கைகளை விசாரணைக் கட்டத்திலேயே பெற வேண்டும் என்று உத்தரவு வந்தது. திருட்டு வழக்கில் நிற்கும் இருபது வயதுப் பையனுக்கும் அது வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தண்டனையின் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இரவில் பூட்டை உடைத்து நுழைந்ததற்கு 3 ஆண்டு, உள்ளே திருடியதற்கு 2 ஆண்டு என்று ஒரு தீர்ப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று நீதிபதி எழுதினால் மொத்தம் 3 ஆண்டு. எழுதாமல் விட்டால், ஒன்று முடிந்து மற்றொன்று என்பதே சட்டத்தின் இயல்பான விதி; 5 ஆண்டு ஆகிவிடும். அடுத்து, விசாரணைக் காலத்தில் ரிமாண்டில் கழித்த நாட்கள். 1973ஆம் ஆண்டுச் சட்டம் 428ஆம் பிரிவில் கொடுக்கும் வரை அவற்றைக் கழித்துத் தரும் உரிமை இருந்ததில்லை. ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஏழு மாதம் உள்ளே கிடந்த கூலித் தொழிலாளிக்கு இந்தக் கழிவு எத்தனை பெரியது! சிறைக்குப் போகும் வாரண்டில் அந்தத் தேதிகள் சரியாக இருக்கின்றனவா என்று வழக்கறிஞர் அன்றே பார்த்துவிட வேண்டும்.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். 1961இல் கோபால் கோட்சே வழக்கிலேயே, அது வாழ்நாள் முழுமைக்கும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டத்தில் காணும் 20 ஆண்டு என்ற எண், தண்டனையின் பின்னப் பகுதிகளைக் கணக்கிட மட்டுமே. 14 என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978இல் சேர்ந்த 433ஏ பிரிவிலிருந்து வந்தது: மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, அத்தனை ஆண்டு முடியாமல் அந்தச் சட்டத்தின் கீழ் அரசு விடுவிக்க முடியாது. விடுதலைக்கு அது உத்தரவாதம் அல்ல. ஆளுநருக்கு அரசியலமைப்பின் 161ஆம் பிரிவு தரும் அதிகாரத்தை இந்த வரம்பு கட்டாது என்றும் மாரு ராம் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில், 2016இல், பல கொலைகளுக்கான ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட முடியாது என்று ஐவர் அமர்வு கூறியது. மனிதனுக்கு ஓர் ஆயுள்தானே இருக்கிறது.

நம் கையில் இருந்தும் எடுக்காத கருவி ஒன்று உண்டு: 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். ஆயுள் தண்டனைக்கு இடமில்லாத குற்றத்தில் 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பும் முன், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டும்; அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் காரணம் எழுத வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் விடுவிக்கப்பட்டவருக்குக் குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பும் இல்லை. மேல்முறையீட்டிலும் இதைக் கேட்கலாம். கீழ் நீதிமன்றத்தில் யாரும் கேட்காததால் உயர் நீதிமன்றம் வரை போய், அங்கே தண்டனையின் அளவை மட்டும் வாதிட்டு இதே நிவாரணத்தைப் பெறுகிறவர்கள் உண்டு. அதற்குள் ஆண்டுகள் போய்விடும்.

புதிய சட்டம் சமூக சேவையைத் தண்டனை வரிசையில் சேர்த்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி முதல்முறை தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் அவருக்கு அதுதான் தண்டனை. எத்தனை மணி நேரம், எங்கே, யார் மேற்பார்வையில் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே அதைச் சொல்ல வேண்டியவர்கள் மாஜிஸ்டிரேட்டுகளும் அவர்கள் முன் நிற்கும் நாமும்தான். அரசு மருத்துவமனையா, பள்ளியா, ஊராட்சியா என்று உள்ளூரில் விசாரித்து, அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, மனுவோடு வைக்க வேண்டும். குற்றத் தீர்ப்பு வந்த அன்றே தண்டனையையும் முடித்துவிடாமல், இதற்காக ஒரு வாரம் தள்ளிக் கேட்டால் பெரும்பாலான நீதிபதிகள் மறுக்க மாட்டார்கள்.